ஏழு பேருக்கு ஒரே வலி

2025 செப்டம்பர் 3, புதன்

காப்பீட்டுக் கம்பெனி இன்றும் இரண்டு கோப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டிலும் ஒரே கேள்வி: வயிற்று வலி என்றால் எங்கே, எப்படிப்பட்ட வலி?

அவர்கள் கேட்பது நியாயம்தான். டாக்டர் சிவசங்கர் கேஸ் ஷீட்டில் ‘வயிற்று வலி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். நான் அதைப் பார்த்து R10.4 என்று குறியீடு போடுகிறேன். R10 என்றால் வயிற்று வலி. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் இடத்தைச் சொல்லும். மேல் வயிறு என்றால் ஒன்று, அடிவயிறு என்றால் மூன்று. நான்கு என்பது எங்கே என்றே தெரியாத வலிக்கு. ஆகஸ்டில் மட்டும் முப்பத்தொரு பேருக்கு நான்கு போட்டிருக்கிறேன். மன்னார்புரம் ஆபீசாக இருந்தால் தணிக்கையில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள்.

மன்னார்புரத்தில் ஆறு வருஷம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டுகளுக்குக் குறியீடு போட்டேன். நோயாளியின் பெயரைக்கூட மறைத்துத்தான் தருவார்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? இப்போது இந்த ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரியில் என் மேசையிலிருந்து பதினைந்து அடி நடந்தால் வார்டு. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எழுந்து போய்க் கேட்கலாமே என்று ஏன் இதுவரை தோன்றவில்லை?

டாக்டரிடம் அனுமதி கேட்டேன். தாராளமாகக் கேளுங்கள், எனக்கு எழுத நேரமில்லை என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று பதினொரு பேரிடம் பேசினேன். இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்து எத்தனை நாளாயிற்று.

ஒருவரும் ‘வலிக்குது’ என்று சொல்வதில்லை. பிசையுது, எரியுது, குத்துது, சுருக்குனு இழுக்குது, உப்பிக்கிட்டு நிக்குது. ஒரே விரலால் இடத்தைக் காட்டச் சொன்னேன். திருவானைக்கோவில் ஆட்டோக்காரர் விரலை நேராக வலது விலா எலும்புக்குக் கீழே வைத்தார். ராத்திரி பரோட்டா சாப்பிட்டால் அந்த இடத்தில்தான் குத்துகிறதாம். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் கல், மூன்று. R10.4-ஐ அடித்துவிட்டுக் கல்லுக்கு உரிய K80 போட்டேன். காரணம் தெரிந்துவிட்டால் வலிக்குத் தனிக் குறியீடு கிடையாது.

வீட்டில் மாமியிடம் சொன்னேன். மாமி — என் கணவர் ஹாலித்தின் அம்மா ஷரபுன்னிசா — ‘வயித்தைக் கவ்வுது’ என்றும் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எட்டாம் கட்டில் ரத்தினவேல், எழுபத்தொரு வயது, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மனைவி இல்லை, மகள் மஸ்கட்டில். விரலால் காட்டச் சொன்னால் உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“ஈர வேட்டியைப் புழியற மாதிரி முறுக்குதும்மா. தலைகாணியை வச்சு அமுக்கிக்கிட்டு குப்புறப் படுத்தா தேவலை.”

மலம் கழித்து ஐந்து நாள் ஆயிற்றாம். சொல்ல வெட்கப்பட்டார்.

அமுக்கினால் தேவலையா? மற்றவர்கள் எல்லாம் டாக்டர் கையை வைத்தாலே துள்ளுகிறார்கள். வித்தியாசமாக இருந்ததால் எழுதி வைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்னொருவர். மூன்றாம் கட்டில் அம்மாள், வயது அறுபத்தாறு. துணி பிழிவது மாதிரி, தொப்புளைச் சுற்றி. அமுக்கினால் சுகம். நான்கு நாளாக மலச்சிக்கல். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் ஒருவர். இவர் இளைஞர், இருபத்தொன்பது, வங்கியில் வேலை, ஸ்ரீரங்கத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரும் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே “புழியுது மேடம்” என்றார்.

மூன்று பேர்.

செப்டம்பர் 15, திங்கள்

மதியம் சாப்பிடப் போகவில்லை. ஆகஸ்டில் நான்கு போட்ட முப்பத்தொரு பேருக்கும் போன் செய்தேன். ‘உங்கள் கோப்புக்கு ஒரு விவரம் வேண்டும்’ என்றுதான் ஆரம்பித்தேன். இருபத்தாறு பேர் எடுத்தார்கள். பெரும்பாலும் வாயு, நெஞ்செரிச்சல், ஒருவருக்குச் சிறுநீரகக் கல்.

நான்கு பேர் ‘பிழியுது’ என்றார்கள். நான்கு பேருக்கும் மலச்சிக்கல். மூன்று பேருக்கு வலி இன்னும் விட்டு விட்டு வருகிறதாம். ஒரு அம்மாள், என் மருமகள் நான் நடிக்கிறேன் என்கிறாள், நீதான் முதல் ஆளாக இவ்வளவு கேட்கிறாய் என்று அழுதுவிட்டார்.

ஆக மொத்தம் ஏழு.

ஏழு பேரின் ரத்தப் பரிசோதனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது, எட்டரை... ஏழு பேருக்கும் ரத்தசோகை. அந்த வங்கிக்காரப் பையனுக்குக்கூட. ஆண்பிள்ளைக்கு, அந்த வயதில் ஒன்பதா?

என்னவோ இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

தண்ணீரா? ஏழு பேரும் வேறு வேறு தெரு. ஆளுக்கொரு தண்ணீர். ஏழு பேர் சாப்பிடும் மாத்திரைகளும் வேறு வேறு.

பன்னிரண்டரைக்கு வார்டுக்குள் ஒருவர் டிபன் கேரியரோடு வந்தார். பீமராவ். கீழச் சித்திரை வீதிப் பக்கம் மெஸ் நடத்துகிறவர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும், நெற்றியில் கோபி சந்தனம், முழங்கை வரை மடித்த சட்டை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே கேரியர் அனுப்புகிறார். ரத்தினவேல் நான்கு வருஷமாக அவருடைய வாடிக்கை. ஆஸ்பத்திரி இட்லி பிடிக்காது என்று குழைந்த சாதமும் மிளகு ரசமும் தானே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினார். பார்க்க நன்றாக இருந்தது.

மூன்றாம் கட்டில் அம்மாளும் அவரை அடையாளம் தெரிந்து சிரித்தார்.

அப்போதுதான் — மற்ற ஐந்து பேருக்கும் திரும்பப் போன் போட்டேன். ஐந்து பேரும் அந்த மெஸ்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். நன்றாகச் சொன்னேனா? அட்டவணை எல்லாம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்விக்கே தடுமாறிவிட்டேன்: அந்த மெஸ்ஸில் மொத்தம் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? நூற்றுக்கும் மேல் இருக்கும் என்றேன்.

“நூறு பேர்ல ஏழு பேருக்கு வயித்து வலி. வயசானவங்க, நடக்கறதில்லை, மலச்சிக்கல். இதுல என்ன இருக்கு மெஹ்ரீன்? கெட்டுப் போன சாப்பாடுன்னா வாந்தியும் பேதியும்ல வரும்.”

சரிதான். கெட்டுப் போன சாப்பாடு என்றால் மலச்சிக்கல் வராது. குறியீடு போடுகிறவள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அட்டவணையை மடித்துத் திரும்பக் கொடுத்தார்.

ரத்தினவேலுக்கு ஸ்கேனில் பித்தப்பையில் ஒரு பொடிக் கல் தெரிகிறதாம். வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவு. செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன்.

ஆனால் கல் வலி வலது விலாவுக்குக் கீழேதானே குத்தும்? அவர் தொப்புளைச் சுற்றி வட்டம் போட்டாரே.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் பெருமாள் கூட்டம், காவிரிப் பாலம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். நாள் முழுக்க ஒரே யோசனை — இன்னொரு தடவை போய்ச் சொல்லலாமா? தகுதிகாண் காலம் செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. இந்த நேரத்தில் வம்பு எதற்கு?

ஹாலித்திடம் கேட்டேன். தப்பா இருந்தா உனக்கு வெட்கம், சரியா இருந்தா அந்தப் பெரியவருக்குக் கத்தி, எது பெரிசுன்னு நீயே பார்த்துக்க என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசியதே ஆச்சரியம்.

செப்டம்பர் 22, திங்கள்

எங்கே தொடங்குவது. நினைப்பு கையைவிட வேகமாக ஓடுகிறது.

காலையில் நேராக லேப்புக்குப் போனேன். விக்டர்தான் லேப் டெக்னீஷியன். பேச்சு கம்மி, வேலை சுத்தம். ஏழு பேருக்கும் ஏன் ரத்தம் குறைவு, மெஷின் தந்த எண்ணைத் தவிர வேறு ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டேன். ரத்தினவேலின் ரத்தம் இருந்தது, மூன்றாம் கட்டில் அம்மாளுடையதும் இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்க்கிறேன், பதினொரு மணிக்கு வாருங்கள் என்றார்.

பத்தரைக்கே அவரே என் மேசைக்கு வந்து நின்றார்.

“கொஞ்சம் வந்து பாருங்க. நான் படிக்கிற காலத்துல ஒரே ஒரு தடவை பார்த்தது இது.”

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வெளிர் சிவப்பு வட்டங்கள். சிலவற்றுக்குள் மட்டும் நீலப் பொடியைத் தூவிய மாதிரி புள்ளிகள், சின்னச் சின்னதாக. இரண்டாவது கண்ணாடித் துண்டிலும் அதே நீலப் பொடி.

நீலப் புள்ளி, ரத்தசோகை, பிழியும் வலி. எனக்கு நோயின் பெயர் வரவில்லை. எண் வந்தது. T56.0. மன்னார்புரத்தில் எப்போதோ ஒரு முறை போட்டிருக்கிறேன் — ஏதோ ஒரு ஊரில் பேட்டரித் தொழிற்சாலைக்காரர், ரத்தசோகை, வயிற்று வலி, மலச்சிக்கல். T56.0, ஈய நச்சு. அந்தப் பக்கம் முழுசும் கண்ணுக்குள் வந்து நின்றது. விக்டரிடம் சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். நானும் அதைத்தான் நினைத்தேன், வாயால் சொல்லப் பயமாக இருந்தது என்றார்.

இருவரும் சேர்ந்தே டாக்டர் அறைக்குப் போனோம். அவர் உடனே எழுந்து லேப்புக்கு வந்தார். வெகு நேரம் பார்த்தார். கண்ணாடித் துண்டை மாற்றி மறுபடி பார்த்தார். பிறகு, ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு நாளைய ஆபரேஷன் இல்லை என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“அந்த அட்டவணை இருக்கா?”

என் பையில்தான் இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பீமராவ் வழக்கம் போலக் கேரியரோடு வந்தார். டாக்டர் அவரைத் தன் அறையில் உட்கார வைத்தார். சமீபத்தில் மெஸ்ஸில் என்ன புதுசு — பாத்திரம், மசாலா, தண்ணீர்த் தொட்டி, ஏதாவது?

புதுசாக எதுவும் வாங்கவில்லை என்றார் பீமராவ். எல்லாம் அப்பா காலத்துப் பித்தளைப் பாத்திரம்தான். ஜூனில் தெருவோடு ஒரு ஆள் வந்தார், சாம்பார் அண்டா, ரச அண்டா எல்லாவற்றுக்கும் உள்ளே ஈயம் பூசிக் கொடுத்தார், பளபளவென்று இருக்கிறது என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம், அது கெடுதல் செய்யாது. இதுவோ காரீயமாக இருந்தால்? பழைய பேட்டரியிலிருந்து உருக்கியதாக இருந்தால்? அதில் மூன்று மாதமாகப் புளி கொதித்திருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்கிறோம்.

பீமராவ் கேரியர் தட்டைத் திறக்கப் போனார். டாக்டர் அவர் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். வலது மணிக்கட்டு மேலே வரவில்லை. தொங்கியது.

“ஒரு மாசமா இப்படித்தான் சார். கரண்டி பிடிச்சுப் பிடிச்சு சுளுக்கியிருக்கும்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்.”

எட்டாவது ஆள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எட்டுப் பேரின் ரத்தமும் சென்னைக்குப் போயிருக்கிறது. பீமராவ் நேற்று மாலையே மெஸ்ஸை மூடிவிட்டார். டாக்டர் சொல்வதற்கு முன்பே.

ஆபரேஷனுக்கு நேரம் குறித்த அதே எட்டு மணிக்கு ரத்தினவேல் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏனோ அவரை இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

முடிவு வேறாக வந்தால்? அந்த மனிதர் மெஸ்ஸை மூடியது என்னால்தானே?

செப்டம்பர் 24, புதன்

வரவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வந்துவிட்டது. நான்கு மணிக்கு விக்டர் படித்தார், நான் எழுதினேன். ரத்தினவேலுக்கு அறுபத்தெட்டு. மூன்றாம் கட்டில் அம்மாளுக்கு ஐம்பத்து நான்கு. வங்கிப் பையனுக்கு நாற்பத்தொன்பது. ஐந்து இருந்தாலே கவனிக்க வேண்டுமாம். பீமராவுக்கு எண்பத்து மூன்று.

எட்டுப் பேருக்கும் ஈயம்தான்.

ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினேன், நிஜமாகவே ஓடினேன், ஆயாம்மா திட்டினார். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எட்டு நாள் முன்னாடி நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். அந்தப் பெரியவரைக் காரணமே இல்லாம அறுத்திருப்பேன். வலியும் அப்படியே இருந்திருக்கும்.”

மேசைக்கு வந்து ஏழு பழைய கோப்புகளையும் திறந்து R10.4-ஐ ஒவ்வொன்றாக அடித்துவிட்டு T56.0 எழுதினேன். ஏழாவதை எழுதும்போது கண் மறைத்தது.

அல்ஹம்துலில்லாஹ். பாலத்தில் பஸ் நின்றபோது காவிரி நிறையத் தண்ணீர். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்து சீட்டு அம்மாவிடம் தண்ணீர் நிறைய வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து அண்டாக்களை எடுத்துப் போனார். பூசிய ஆள் யார், எந்த ஊர் என்று பீமராவுக்குத் தெரியவில்லை. அவரும் எங்கள் வார்டிலேயே சேர்ந்துவிட்டார், ரத்தினவேலுக்கு அடுத்த கட்டில். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நான் கேள்விகள் கேட்க உட்கார்ந்தபோது திரும்பாமலே பேசினார்.

“உடம்பு சரியில்லாதவாளுக்குக் கொண்டுவந்து ஊத்தினேனேம்மா. இன்னும் கொஞ்சம்னு கெஞ்சி ஊத்தினேனே.”

எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேலை நிரந்தரம். ஆணையில் டாக்டர் கையெழுத்து. ஆனால் இன்றைய பெரிய செய்தி அது கிடையாது. ஈயத்தை உடம்பிலிருந்து இறக்கும் மாத்திரை வந்து நான்கு நாளில் மூன்றாம் கட்டில் அம்மாள் தலையணையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்.

அக்டோபர் 6, திங்கள்

டாக்டர் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தகவல் அனுப்பச் சொன்னார். நான்தான் எழுதினேன், என் வலிச் சொற்களையும் சேர்த்து. ‘பிழிகிறது, அமுக்கினால் சுகம், மலச்சிக்கல், ரத்தசோகை. இருந்தால் சமையல் பாத்திரத்தைக் கேட்கவும்.’

அக்டோபர் 9, வியாழன்

ஜீயபுரத்திலிருந்து போன். அங்கே ஒரு கிளினிக்கில் டாக்டர் யமுனா என்று ஒருவர். நம் கடிதத்தைப் படித்த மறுநாளே ஒரு கல்யாண சமையல்காரரும் மனைவியும் பிழியும் வலியோடு வந்தார்களாம். கடிதத்தில் இருந்தபடியே கேட்டிருக்கிறார். ஜூனில் தெருவோடு வந்த ஆள்தான். சமையல்காரர் தன் பெரிய அண்டாக்களுக்கெல்லாம் அவரிடம் ஈயம் பூசி வாங்கியிருக்கிறார், வீட்டிலும் அதில்தான் சமையல். இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் வலி வரவில்லை. வருவதற்கு முன்பே பிடித்துவிட்டோம்.

போனை வைத்துவிட்டு லேப்புக்குப் போய் விக்டரிடம் சொன்னேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அக்டோபர் 17, வெள்ளி

கேஸ் ஷீட்டில் இன்றிலிருந்து ஒரு புதுப் பக்கம். மேலே ஒரு வயிற்றின் படம், கீழே பதினான்கு சொற்கள். நர்ஸ் கேட்டு வட்டம் போட வேண்டும். ‘கவ்வுது’ ஒன்பதாவதாக இருக்கிறது. மாமியிடம் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

நவம்பர் 3, திங்கள்

பீமராவ் மெஸ்ஸைத் திறக்க மாட்டேன் என்கிறாராம். மணிக்கட்டு பாதி தூக்குகிறது, வலி போய்விட்டது. உடம்பு காரணமில்லை. யார் வருவார்கள், எந்த முகத்தோடு கேரியர் கொண்டு போவேன் என்கிறாராம். ரத்தினவேல் பரிசோதனைக்கு வந்தபோது சொன்னார். அவருக்கு ஈய அளவு இருபத்தாறுக்கு இறங்கியிருக்கிறது. நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனார்.

நவம்பர் 14, வெள்ளி

மெஸ் நேற்று திறந்திருக்கிறது. எல்லாம் புது எவர்சில்வர் பாத்திரம். முதல் நாள் ஆறே பேர் வந்தார்களாம்.

இன்று மதியம் டாக்டர், விக்டர், நான் மூன்று பேரும் போனோம். ரத்தினவேல் எங்களுக்கு முன்பே இலை போட்டு உட்கார்ந்திருந்தார். பீமராவ் எங்களைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை. பரிமாறும் பெண்தான் சாதம் போட்டார், குழம்பு ஊற்றினார்.

ரசத்தை அவரே கொண்டுவந்தார், இடது கையில் பாத்திரம், வலது கையில் கரண்டி. ரத்தினவேல் இலையருகில் வந்து நின்றவர் ஊற்றாமல் அப்படியே நின்றார்.

“என்ன ராவ், வேடிக்கை பாக்குறீங்க? ஊத்துங்க. ஆறிப்போயிரும்.”

ஊற்றினார். கரண்டி கொஞ்சம் ஆடியது, இலைக்கு வெளியே நாலு சொட்டு விழுந்தது. ரத்தினவேல் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு பத்தவில்லை என்றார். பீமராவ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்கப் போனார்.

நான் இரண்டாம் தடவையும் ரசம் வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது, மிளகு கொஞ்சம் தூக்கல்.